மீட்டர் இருந்த நெஞ்சு

எண்ணூர் பக்கம் பழைய இரும்புப் படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தேன். அங்கே என் நெஞ்சுக்குத் தனியாக ஒரு உத்தியோகம் இருந்தது. படகுக்குள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த டேங்கைத் திறந்தால் முதலில் நான்தான் இறங்க வேண்டும். உள்ளே துருப்பிடிக்கிற இரும்பு, காற்றிலிருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். எனக்கு மூச்சு வாங்கினால் ஏறிவிடுவேன். வாங்காவிட்டால் "வா" என்று குரல் கொடுப்பேன், மற்றவர்கள் இறங்குவார்கள். காற்றை அளக்கிற மீட்டர் ஒன்று அலமாரியில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதைப் பார்த்தாலே எனக்கு இளக்காரம்.

அறுபத்திரண்டு வயதாகியும் இந்தப் பதவியை விட மனசில்லை. விடச்சொல்லி உயிரை வாங்கியவள் என் மகள். அவள் புருஷனும் அதே பட்டறையில் வெல்டர். நான் "வா" என்றால் அடுத்து இறங்குகிறவர் பெரும்பாலும் அவர்தான். "கயிறாவது கட்டிக்கினு எறங்கு நைனா" என்பாள். நான் என்ன மாடா என்று கேட்பேன். விம்கோ நகர் மெட்ரோ படியில் என் வயசுக்காரர்கள் பாதியில் நின்று நெஞ்சைத் தடவும்போது நான் ஒரே மூச்சில் ஏறுகிறவன். இதை டீக்கடையில் கேட்காதவன் பாக்கி கிடையாது.

போன வெயில் காலத்தில் ஒரு டேங்கைத் திறந்தோம். மாப்பிள்ளை கயிற்றோடு வந்து நின்றார். அவர் வாயை அடைக்கத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டேன். இறங்கி நின்றேன். மூச்சு வாங்கவில்லை, ஒரு மண்ணும் இல்லை. சும்மாவே சிரிப்பு வேறு வந்தது.

"நல்லா கீது மாப்ள, வா!" என்று கத்தினேன்.

நாலு படி இறங்கியிருப்பார். புஸ்ஸு புஸ்ஸென்று இரைக்க ஆரம்பித்துவிட்டார். "மாமா, மூச்சு முட்டுது. மேல வந்துடு மாமா!"

"நாப்பது வயசுல இன்னா மாப்ள இப்டி இரைக்கிற? பரோட்டாவ கொற!" என்றேன். என்ன ஒரு பெருமை எனக்கு! அவர் மேலே ஏறிவிட்டார். நான் ஸ்பேனரை நட்டில் மாட்டினேன், அதாவது மாட்டியதாக நினைத்தேன். என் கட்டைவிரலைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். அதுகூட வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒன்றும் ஞாபகமில்லை. மாப்பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து அரிசி மூட்டை மாதிரி இழுத்துப் போட்டார்களாம். உதடு நீலமாக இருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நம்பர் காட்டுகிற கிளிப் ஒன்றை என் விரலில் மாட்டிவிட்டு, "மூச்சு முட்டவே இல்லையா பெரியவரே?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நம்ம நெஞ்சு அவ்ளோ ஸ்ட்ராங்கு."

அவர் சிரிக்கவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் வேகமாக மூச்சு விடச்சொல்லி உடம்பு மணி அடிக்கும், வயதாக ஆக அந்த மணி மந்தமாகிவிடும் என்றார். "உங்க மாப்பிள்ளைக்கு அடிச்சிருக்கு. உங்களுக்கு அடிக்கல. அவ்வளவுதான்."

இத்தனை நாள் டீக்கடையில் நான் அளந்தது இதைத்தான். காது கேட்காதவன், ஊரே அமைதியாக இருக்கிறது என்று மார்தட்டின கதை. பட்டறையில் மறுநாளே மீட்டர் பெட்டியைப் பிரித்தார்கள். இப்போது அதைத்தான் கயிற்றில் கட்டி முதலில் இறக்குகிறார்கள். என் உத்தியோகம் போயே போச்சு.

நான் மயங்கி விழுந்த அன்று சாயங்காலமே மகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கட்டிலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதடி. நான் நல்லாத்தான் கீறேன்" என்றேன்.

"உள்ளாற இருந்து அவர கூப்ட்டப்பவும் இதானே நைனா சொன்ன?"

வெட்கமாக இருந்தது. விரலை நீட்டினேன். அவள் கிளிப்பை மாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அதில் வருகிற நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.