அக்காவுக்குப் பின்னியது

போன வருடம் தீபாவளி நெருங்கியபோது, புக்கிட் செலம்பாவில் இருக்கும் எங்கள் வீட்டின் நான்கு மூலைகளிலும் நான்கு பிளாஸ்டிக் பைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பாதியில் நின்றுபோன ஒரு பின்னல். ஒன்றில் பச்சைச் சால்வை. அது பினாங்கில் நடக்கவிருந்த நூல் சந்தையில், எங்கள் பின்னல் குழுவின் மேசையில் வைப்பதற்கு. இன்னொன்றில் என் கணவருக்கு ஸ்வெட்டர். பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போவதாக இருந்தோம். அவருக்குக் குளிர் ஆகாது. மூன்றாவதில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு போர்வை. நான்காவதில் என்ன இருந்தது என்று எனக்கே மறந்துவிட்டது. திறந்து பார்க்கவும் பயமாக இருந்தது.

ஆரம்பிப்பதில் நான் கெட்டிக்காரி. முடிப்பதுதான் வராது.

நான் பக்கத்து டவுனான சுங்கைப் பட்டாணியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஆள் வராத நேரத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துப் பின்னுவேன். முதலாளி சீனர். முதலில் முகத்தைச் சுளித்தார். அவருடைய பேத்திக்கு ஒரு தொப்பி பின்னிக் கொடுத்த பிறகு கண்டுகொள்வதில்லை. சனிக்கிழமை மதியம் கடை முடிந்ததும், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் ஏர்கான் அறையில் எங்கள் பின்னல் குழு கூடும். ஆளுக்கு ஒரு தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய டீ, வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்போம். கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. யாழ்ப்பாணக் குடும்பம். நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம்.

அந்த வருடத் தொடக்கத்தில் என் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, ஒரு பக்கத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து, பிறகு முடி கொட்டியது, பிறகு முடி வளர்ந்தது. அவள் பாடாங் மேஹாவில் இருக்கிறாள். அவள் கணவர், என் மாமாவுக்கு, அங்கே பாமாயில் எடுக்கும் செம்பனை நிலம் கொஞ்சம் உண்டு. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறாள். மீ என்று நாங்கள் சொல்லும் நூடுல்ஸைப் பிரட்டிப் பிள்ளைகளுக்கு விற்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில மாதங்களிலேயே மறுபடியும் அடுப்படியில் நிற்க ஆரம்பித்துவிட்டாள். "வீட்டுல உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும் லா" என்றாள். எல்லோரும் அவள் தைரியத்தைப் பாராட்டினோம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழம்புச் சட்டியை இறக்கக் குனிந்தவள், சட்டென்று திரும்பி நின்று சட்டைக்குள் கையை விட்டு எதையோ மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்துவிட்டாள்.

"என்னாக்கா அது?"

"காலுறை" என்றாள். "ரெண்டு காலுறைய சுருட்டி வச்சிருக்கேன். குனிஞ்சா எறங்கிருது."

ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய சிலிக்கன் மார்பு அவளிடம் இருந்தது. அலமாரியில் டப்பாவோடு அப்படியே இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தாள். ஒரு சின்னக் கோழியின் கனம் இருந்தது.

"அடுப்புகிட்ட நின்னா இது வெந்துபோவுது. வேர்த்து வேர்த்து தோலெல்லாம் தடிச்சிருச்சி. இத போட்டுக்கிட்டு ஒரு நாளு முழுக்க மீ பெரட்டிப் பாரு, தெரியும்."

"அதனாலதான் எப்பவும் மலாய்க்காரங்க மாதிரி பாஜு கூரோங் போடறியா?"

"அதுலதான் ஒன்னும் தெரியாது. தொளதொளன்னு கெடக்கும்." சட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "தீபாவளிக்கும் அதான். சேலையெல்லாம் இனிமே வேணாம்."

எங்கள் குடும்பத்தில் சேலை கட்டுவதற்கென்றே பிறந்தவள் அவள். யார் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணுக்குக் கொசுவம் வைத்துவிட அவளைத்தான் கூப்பிடுவார்கள். சேலை வேண்டாம் என்பதை அவள் சட்டி துடைக்கிற மாதிரி சொல்லிவிட்டாள். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

பருத்தி நூலில் மார்பு பின்னலாம் என்று நான் எங்கோ இணையத்தில் பார்த்திருந்தேன். அன்று தேடி எடுத்துப் படித்தேன். நடுவில் சில கண்ணிகளில் தொடங்கி வட்டமாகப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். கிண்ணம் போல வந்ததும் பின்பக்கத்துக்காகக் குறைத்துக்கொண்டு வந்து, உள்ளே தலையணைப் பஞ்சு வைத்துச் சுருக்க வேண்டும். துவைக்கலாம், காயப்போடலாம், பஞ்சைக் கூட்டிக் குறைக்கலாம். சந்தன நிறத்தில் மெல்லிய பருத்தி நூல் என்னிடம் இருந்தது. நான்கு பைகளையும் அப்படியே விட்டுவிட்டு ஐந்தாவதை ஆரம்பித்தேன்.

முதலில் பின்னியது ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது. இரண்டாவது தேங்காய்ச் சிரட்டை மாதிரி விறைப்பாக வந்தது. கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர், "தொப்பியா மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் பெரிய ஊசியில் தளர்வாகப் பின்னியபோதுதான் கைக்கு இதமாக ஒன்று வந்தது. ஆனால் அளவு தெரியாமல் என்ன செய்ய? அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஒனக்கு வேற வேல இல்லயாடி?" என்றாள். திட்டுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. வரவேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமா நிலத்துக்குப் போயிருந்தார். அக்கா அறைக் கதவைத் தாழ்போட்டாள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், சட்டையைக் கழற்றினாள். அறுவை சிகிச்சை முடிந்து இத்தனை மாதத்தில் நான் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. அக்குளிலிருந்து நெஞ்சின் நடுவரை ஒரு கோடு, சாய்வாக. சுற்றியிருந்த தோல் இறுகி மினுமினுப்பாக இருந்தது. அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

"என்னா நிக்கிற? அளவு எடு லா" என்றாள்.

எடுத்தேன். என் விரல் சில்லென்று இருந்திருக்க வேண்டும், அவள் உடம்பு ஒருமுறை கூசியது. "வலிக்குதா?" என்றேன்.

"அங்க ஒன்னுமே தெரியாது. மரத்துப் போச்சி." பிறகு வேறு குரலில் சொன்னாள்: "ஒங்க மாமா இன்னும் பாக்கல. நான் காட்டல. அவரும் கேக்கல."

அளவை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்து, கொண்டுபோயிருந்ததைப் பிரித்துச் சில சுற்றுகள் கூட்டிப் பின்னினேன். அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்கேன் பற்றிப் பேச ஆரம்பித்தாள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் முடிவு சொல்வார்கள். மறுபடியும் வந்திருக்கிறதா, வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று அதில் தெரியும். இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை என்றாள். கண்ணை மூடினால் டாக்டர் முகம் வருகிறதாம், அவர் வாயைத் திறப்பதற்குள் விழிப்புத் தட்டிவிடுகிறதாம். இதெல்லாம் அவள் மாமாவிடம்கூடச் சொன்னதில்லை.

பஞ்சை அடைத்துச் சுருக்கிக் கொடுத்தேன். உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். பக்கவாட்டில் திரும்பினாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். இரண்டு முறை குதித்துக்கூடப் பார்த்தாள்.

"கனமே இல்லடி" என்றாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரையை விலக்கப் போனாள். நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

சால்வை முடியாது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சந்தைக்கு முந்தின சனிக்கிழமை டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் என் பையை வாங்கி, உள்ளே கிடந்த சந்தன நிற உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அக்காவுக்கு இன்னும் ஒன்றிரண்டு மாற்றுக்கு இருக்கட்டும் என்று மேலும் சில பின்னியிருந்தேன்.

"சால்வை எல்லா மேசையிலும்தான் கிடக்கும், பிள்ளை" என்றார். "இதை வைப்பம். வேணுமெண்டவை எடுத்துக்கொண்டு போகட்டும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. குழுவில் மற்றவர்களும் அன்றைக்கே தங்கள் பின்னலை ஓரம் கட்டிவிட்டு ஆளுக்கொன்று ஆரம்பித்தார்கள்.

பினாங்குக்கு என் கணவர் காடி, அதாவது கார், ஓட்டுவதாக இருந்தது. அவருக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. அக்கா, தானே வருவதாகச் சொன்னாள். பினாங்குக் கடல்பாலத்தில் லாரிகளை முந்திக்கொண்டு போவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். காலையில் ஹாரன் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். அக்கா காடியிலிருந்து இறங்கி நின்றாள். கத்தரிப்பூ நிறத்தில் பருத்திச் சேலை கட்டியிருந்தாள். நான் சேலையையே பார்த்து நிற்பதைக் கண்டு, "ஏறு, ஏறு. வெயில் ஏறுறதுக்குள்ள போவணும்" என்றாள்.

மண்டபத்தில் சரியான கூட்டம். நூல் உருண்டைகள் மலைமலையாகக் குவிந்திருந்தன. சீனர்கள், மலாய்க்காரர்கள், நம்மவர்கள் என்று எல்லோரும் நூலைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேசையில் குழுவினர் பின்னிய பொம்மைகளுக்கும் பைகளுக்கும் நடுவே டீச்சர் ஒரு கூடையில் அந்த உருண்டைகளை அடுக்கி வைத்தார். இன்னதென்று எழுதி ஒட்டிய காகிதம் ஃபேன் காற்றில் பறந்துபோனது. அதனால் வருகிறவர்கள் ஆளுக்கொன்றாக நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் குழந்தைத் தொப்பி என்றார். ஒரு கல்லூரிப் பெண் எடுத்துப் பார்த்துவிட்டு, குண்டூசி குத்தி வைப்பதற்கா என்று மலாயில் கேட்டாள்.

நான் தயங்கினேன். டீச்சரும் மென்று விழுங்கினார். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்த அக்கா, சிற்றுண்டிச்சாலையில் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில் மலாயில் பதில் சொன்னாள்.

"இல்ல தங்கச்சி, அது மாரு. எனக்கு ஒன்னு எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா வைக்கிறது. நான்கூட இப்ப போட்டுருக்கேன்."

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்தது, ஆனால் போகவில்லை. எப்படித் துவைப்பது, நழுவாதா என்று கேட்க ஆரம்பித்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் சிலர் வந்தார்கள். அக்கா எழுந்து மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு நாங்கள் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

மதியத்துக்கு மேல், தலைக்கு முக்காடிட்ட நடுத்தர வயது மலாய்க்காரப் பெண் ஒருவர் எங்கள் மேசையைக் கடந்து போனார். பிறகு திரும்பி வந்தார், மறுபடியும் போனார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது தடவை அவரிடம் நேராகப் போய், "கக்கா, வாங்க" என்று மலாயில் அக்கா முறை வைத்து மெதுவாகச் சொல்லி, கூடையிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு அவரோடு கழிவறைப் பக்கம் நடந்தாள். நெடுநேரம் கழித்து இருவரும் கைகோத்துக்கொண்டு திரும்பினார்கள். அந்த அம்மா டீச்சரின் கையையும் என் கையையும் பிடித்துக் குலுக்கினார். பிறகு கூட்டத்தோடு போய்விட்டார்.

"அவங்க துண்ட சுருட்டி வச்சிருந்தாங்க" என்றாள் அக்கா. "நானாச்சும் பரவால்ல, காலுறை." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பாலத்தில் திரும்பி வரும்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு லாரிகளை முந்தினாள்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குக் காடி ஓட்டிப் போன காலை அவள் ஒரு லாரியைக்கூட முந்தவில்லை. மாமாவும் வருவதாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் இன்னும் பயம் வரும் என்று வேண்டாம் என்றுவிட்டாளாம். வராந்தாவில் நம்பருக்காகக் காத்திருந்தோம். நான் கணவரின் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒரு வரிசை பின்னுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். அக்கா என் நூல் உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் இழுக்க இழுக்க விட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இளம்பெண். மலாயில் நிதானமாகப் பேசினார். ஸ்கேனில் எதுவும் இல்லை, சுத்தமாக இருக்கிறது, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். அக்கா தலையை ஆட்டினாள். வெளியே வந்து படியிறங்கும்போது என் தோளைப் பிடித்தாள்.

"சுத்தமா இருக்குன்னுதானே சொன்னாங்க? எனக்குச் சரியா கேக்கல."

"ஆமாக்கா. சுத்தமா இருக்குன்னாங்க."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். படியிலேயே நின்று மாமாவுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. "சரி, அழுவாதீங்க. வீட்டுக்கு வந்து பேசறேன். ஒங்ககிட்ட ஒன்னு காட்டணும்" என்றாள். போனை வைத்துவிட்டுப் பசிக்கிறது என்றாள்.

பக்கத்துக் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் இரண்டு, மீ கோரேங் நூடுல்ஸ் ஒரு தட்டு, அதன்பிறகு என்னுடையதில் பாதி என்று சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டு முடித்து காடிக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஏர்கானைப் போட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிறேன், அப்புறம் போலாம்" என்று சீட்டைச் சாய்த்தாள். சொன்ன வாய் மூடுவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டைகூட வந்தது.

எனக்கு ஓட்டத் தெரியாது, எங்கும் போக முடியாது. முதலாளிக்குப் போன் செய்து, இன்று கடைக்கு வரத் தாமதமாகும், எவ்வளவு நேரம் என்று தெரியாது என்றேன். அக்கா நல்லா இருக்காளா என்று கேட்டார். தூங்குகிறாள் என்று மெதுவாகச் சொன்னேன்.