பேச்சி யாருடைய ஆள்?

வீட்டு உரிமையாளர் சங்கச் செயலாளர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதனால் நம்மை வேலையை விட்டு நீக்குவாரும் கிடையாது. இந்தப் பதவியில் என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

விழாத கதை

கம்பத்தில், சுருளிப்பட்டி சாலையில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. தெருவைப் பெருக்கி, பொதுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுபவர் பேச்சி. போன மாதம் தொட்டி ஏணியில் கால் வழுக்கி, ஒரு கையால் தொங்கி, எப்படியோ இறங்கிவிட்டார். விழுந்து இடுப்பு ஒடிந்திருந்தால், அவர் வீட்டு அடுப்பு எரிய யார் பொறுப்பு?

கூட்டம் போட்டேன். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்கலாம் என்றேன். 'தொழிலாளி' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளில் தொடங்கி, காபி வந்ததும்தான் நிறுத்தினேன். பொருளாளர் ராஜாமணி ஏலக்காய் வியாபாரி. காப்பீடு இல்லாத லாரியில் ஒரு மூட்டைகூட ஏற்றமாட்டார். அவர் கேட்டார்: "அவதேன் விழலையே சார். விழாததுக்கு எதுக்குக் காப்பீடு?"

முதலாளியைத் தேடி

காப்பீட்டு முகவர் கவிதா வந்தார். பேச்சிக்கு வேலை சொல்வது யார் என்றார். சங்கம் என்றேன். ஆனால் மாடி வீட்டம்மா மிளகாய் காயவைக்கச் சொல்வார். மூலை வீட்டுக்காரர் முருங்கை மரத்தில் ஏறச் சொல்வார். ராஜாமணி சாக்கு உதறச் சொல்வார். அப்போது அடிபட்டால்? வேலை சொன்னவரே முதலாளி என்று ஆகலாம் என்றார் கவிதா. அதுவரை "நம்ம பேச்சி" என்றவர்களெல்லாம் என்னைப் பார்த்து "ஒங்க பேச்சி" என்றார்கள்.

கவிதா பையை மூடினார். "வேலை சொல்ல ஊரே இருக்கு. மொதலாளி யாருன்னா ஒரு ஆளையும் காணோமே சார்!"

தொட்டிமேல் மீசை

பொது வேலைக்கு மட்டும், பேச்சி பெயரில் எடுப்பதென்று சமாதானமானோம். அவரைப் பார்க்கக் கவிதாவோடு போனால், ஏணியில் மீசை வைத்த ஓர் ஆள். கேட்டால், பேச்சியின் கணவராம். ஏலக்காய் பறிப்பு தொடங்கியதிலிருந்து பேச்சி விடியலில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுகிறார். இங்கே ஒரு நாள் கணவர், ஒரு நாள் நாத்தனார். குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டிமேல் நிற்கும் தலையை யார் பார்த்தோம்?

நாங்கள் காப்பாற்ற நினைத்தவர் கேரளத்தில். எங்கள் ஏணியில் நிற்பவர் எங்கள் கணக்கிலேயே இல்லை. அவர் மேலிருந்தபடியே சொன்னார்: "வேலையக் குடும்பத்துக்குத்தான சார் குடுத்தீக? யாருக்குத் தோதோ அவுக வாரோம்."

போனில் பேச்சி

மலையிலிருந்த பேச்சிக்குப் போனில் விளக்கினேன். தொட்டி கழுவும்போது விழுந்தால் இழப்பீடு உண்டு. மிளகாய்க்கும் முருங்கைக்கும் கிடையாது. ஏலத்தோட்டத்துக்கு நிச்சயமாகக் கிடையாது. பேச்சி கேட்டார்: "அப்ப, இங்கன வழுக்குச்சுன்னா, ஓடியாந்து ஒங்க தொட்டிமேல ஏறி விழுகணுமா சார்?"

கடைசியில் ஆளின் பெயர் இல்லாமல், பொது வேலையை அன்றைக்கு யார் செய்கிறாரோ அவருக்கு என்று காப்பீடு எடுத்துவிட்டோம். முதலாளி 'சங்கம்' என்று சொல்லிவிட்டு, சங்கம் என்றால் யார் என்று இன்னும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.