கல்தச்சர் அழித்த அடையாளம்

புருஷன் மாதம் தவறாமல் லாட்ஜுக்குப் போய்வருகிறான் என்று காதில் விழுந்தால் எந்தப் பெண்டாட்டிதான் சும்மா இருப்பாள்? கல்யாணமான புதிதில் கல்தச்சரின் மனைவி ஒரு மாலை அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள். சந்தைக்குப் பின்புறம் ஒரு பழைய மாடிக் கட்டடம். ஜன்னல்களெல்லாம் திரை போட்டு மூடியிருந்தன. அவர் கதவை ஒரு தினுசாகத் தட்டினார். கதவு அவரை மட்டும் விழுங்கிக்கொண்டு சாத்திக்கொண்டது.

வீடு திரும்பியவரை வாசலிலேயே மறித்தாள்.

"யாரு அவ?"

கல்தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "தங்குற லாட்ஜ் இல்லடி அது. ஃப்ரீமேசன்னு ஒரு சங்கம். அவங்க கூடுற இடத்துக்கு லாட்ஜுன்னு பேரு."

"ஃப்ரீ மேசனா? மேசன்னா கொத்தனாராச்சே. கூலி வாங்காம கட்டடம் கட்டிக் கொடுக்கிற கூட்டமா?"

"அந்தக் கூட்டத்துல கல்லைத் தொட்ட ஒரே ஆளு நான்தான். மத்தவங்களுக்கு உளியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது."

"அப்புறம் உங்களுக்கு அங்க என்ன வேலை?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "என்னைத் தம்பின்னு கூப்பிடறாங்க" என்றார்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கடல் கடந்து வந்தவர் அவர். சொந்த ஊர்க் குவாரியில் பாறை சரிந்து கூடப்பிறந்த அண்ணன் கண்ணெதிரே போனபின், அந்த மண்ணில் உளி பிடிக்க மனமில்லாமல் கப்பலேறியவர். வந்த இடத்தில் பாஷை தெரியாது. தெருவே அவரைப் 'பரதேசி' என்றுதான் கூப்பிட்டது. காய்ச்சலில் வாடகை அறையில் சுருண்டு கிடந்தபோது எட்டிப் பார்த்த ஒரே மனிதர் கீழ்த்தளத்துத் தையல்காரர். கஞ்சி வைத்துக் கொடுத்து, சட்டையைத் துவைத்துப் போட்டு, எழுந்து நடக்கத் தொடங்கியதும் சங்கத்துக்கும் அழைத்துப் போனவர் அவர்தான். அன்றிலிருந்து தையல்காரர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. ரத்த உறவுகூட அப்படி ஒட்டாது.

லாட்ஜ் வாசலுக்கு மேலே மூலை பார்க்கும் மூலைமட்டமும் வட்டம் போடும் கவராயமும் சேர்ந்த சங்கத்தின் அடையாளத்தைச் செதுக்கியவர் கல்தச்சர். இறந்துபோன உறுப்பினர்களின் கல்லறைக் கற்களிலும் அதையே செதுக்கினார். கூட்டத்துக்குக் கட்டிப்போகும் வெள்ளைத் தோல் ஏப்ரனை அவரே துடைத்து மடித்து வைப்பார். அதில் மனைவியின் விரல்கூடப் படக் கூடாது.

பிறகு ஆட்சி மாறியது. ரகசியச் சங்கங்கள் எல்லாம் நாட்டுக்கு விரோதம் என்று ரேடியோவில் ஒரு குரல் சொன்னது. முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ரொட்டிக் கடைக்காரர் கல்தச்சரின் மனைவியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பாத்திரத்தைக்கூடத் திருப்பி வாங்க வரவில்லை. சங்கத் தலைவரான கடிகாரக்காரரின் கடை ஒருநாள் பூட்டிக் கிடந்தது. எல்லை தாண்டிவிட்டார் என்றார்கள்.

தையல்காரர் எங்கும் போகவில்லை. "ஊசி நூலைப் பார்த்து எந்த அரசாங்கம்டா பயப்படும்?" என்று சிரித்தார். பட்டப்பகலில் கடையிலிருந்து அவரைக் கூட்டிப் போனார்கள். மிஷினில் பாதி தைத்த சட்டைக் கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தது ஆணியடித்த பெட்டி. திறக்கக் கூடாது என்று உத்தரவு. பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்ற கல்தச்சர், அண்ணனுடைய ஆசைப்படியே கல்லறைக் கல்லில் அடையாளத்தைச் செதுக்கினார். வேண்டாம் என்று மனைவி கெஞ்சியது அவர் காதில் ஏறவில்லை.

அந்தக் கல்லறை மண்ணின் ஈரம் காய்வதற்குள் நகராட்சி ஆள் பட்டறைக்கு வந்தார். "லாட்ஜ் வாசல்ல இருக்கிறதை நீயே எடுத்துடு" என்றார், தண்ணீர் கேட்பதுபோல.

"நான் செதுக்கினதை நான் அழிக்க மாட்டேங்க."

"நீ வெளியூர்க்காரன். யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுத்தாங்க சொல்றேன்."

அந்த ஆள் கோபப்படவில்லை. பட்டறையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் தேவலை என்று கல்தச்சரின் மனைவிக்குத் தோன்றியது. மறுநாள் வேறு ஆட்கள் சம்மட்டியால் அந்த அடையாளத்தை அடித்து நொறுக்கினார்கள். அடுத்து கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். எந்தக் கல்லில் அடையாளம் இருந்ததோ அந்தக் குடும்பத்தின் கதவில் தார் பூசப்பட்டது. தார் பூசிய ஒரு வீட்டில் மறுவாரம் ஆளே இல்லை.

தையல்காரரின் விதவை, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கொல்லைப்பக்கமாக வந்தாள்.

"தம்பி, அந்தக் கல்லுல இருக்கிறதை எடுத்துடுங்க. அவங்க அந்த வரிசைக்கு இன்னும் வரலை. வர்றதுக்குள்ள எடுத்துடுங்க. எனக்கு இவ ஒருத்திதான் மிச்சம்."

அவள் குரல் இறங்கியது. "நான் கேட்டதா யாருக்கும் தெரியக் கூடாது. செத்த மனுஷனுக்கு நானே துரோகம் பண்ணின மாதிரி ஆயிடும்."

"யாருக்கும் தெரியாது அண்ணி. இது என் வாக்கு."

அவள் போனதும் மனைவி வெடித்தாள். "அன்னைக்கு அந்த ஆளுகிட்ட முடியாதுன்னீங்க. செஞ்சிருந்தா நம்ம தலை தப்பிச்சிருக்கும். இன்னைக்கு மட்டும் எப்படி முடியுது?"

"சங்கத்துல சத்தியம் பண்ணினப்ப, அண்ணன் தம்பியோட குடும்பத்தைக் கைவிட மாட்டேன்னு சொன்னேன். கல்லைக் காப்பாத்துறேன்னு சொல்லலை."

சொல்லிவிட்டாரே தவிர, அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை வெளிச்சத்தில், பழி தன்மேலேயே விழட்டும் என்று நாலு பேர் பார்க்க, கல்லறை முன் போய் உட்கார்ந்து அடையாளத்தைக் கொத்தி எடுத்தார். தடம் தெரியாமல் இருக்க அந்தப் பள்ளத்தில் ஓர் இலையைச் செதுக்கினார். சேதி பரவி மற்றக் குடும்பங்களும் கொல்லைப்பக்கம் வந்தன. ஒவ்வொருவருக்கும் அதே வாக்கு. எல்லாக் கல்லிலும் இலை துளிர்த்தது. கதவுகளில் தார் பூசுவதும் நின்றது.

அவரை மட்டும் விடவில்லை. ஒரு மத்தியானம் பட்டறையிலிருந்தே கொண்டுபோனார்கள். எங்கோ மலையைக் குடைந்து சாலை போடும் இடத்தில் கல் உடைக்க விட்டதாகப் பின்னால்தான் தெரிந்தது. மனைவி ஊரார் துணி துவைத்துக் காலத்தை ஓட்டினாள். படியில் காலடிச் சத்தம் கேட்டால் துவைப்பதை நிறுத்திவிட்டுக் கவனிப்பாள். வருவது அவராகவும் இருக்கலாம், ஆணியடித்த பெட்டியாகவும் இருக்கலாம். கடைசியில் அவர்தான் வந்தார். கல்தூசி நெஞ்சுக்குள் இறங்கிப்போய், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினார்.

அந்த ஆட்சியும் ஒருநாள் கவிழ்ந்தது. கடிகாரக்காரர் திரும்பி வந்து லாட்ஜைத் திறந்தார். கல்தச்சர் ஏப்ரனை எடுத்துக்கொண்டு மனைவியின் தோளைப் பிடித்தபடி படியேறினார். அவள் வெளியே நின்றாள். எப்போதும் அவரை உள்ளே விட்டதும் சாத்திக்கொள்ளும் கதவை இன்று யாரும் சாத்தவில்லை. அதிலேயே அவளுக்கு ஏதோ தப்பாகப் பட்டது.

"கல்லறையில நம்ம அடையாளத்தையெல்லாம் எடுத்தது நீயா?" கடிகாரக்காரரின் குரல்.

"நான்தான்."

"யாரு சொல்லி எடுத்தே?"

இருமல் சத்தம்தான் கேட்டது.

"பயந்துட்டியா தம்பி?"

"அப்படியே வெச்சுக்குங்க அண்ணே."

ஏப்ரனை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்ள, அவர் வெறுங்கையோடு வெளியே வந்தார். படியிலேயே அவள் சீறினாள். "நான் உள்ள போய்ச் சொல்லப் போறேன்."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். உளி பிடித்த கையில் இன்னும் பலம் இருந்தது. "நீ சொன்னேன்னா, நான் உயிரோட இருந்து பிரயோஜனமில்லை."

ஆனாலும் அவள் தையல்காரரின் வீட்டுக்குப் போனாள். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம். மாப்பிள்ளை கடிகாரக்காரரின் அக்கா மகன். கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். விதவை வெளியே வந்து கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினாள்.

"நீங்க வாயைத் திறந்தா அவர் மானம் திரும்பி வரும்" என்றாள் கல்தச்சரின் மனைவி.

விதவை மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொல்றீங்கன்னு புரியலைங்க. நான் எதையும் எடுக்கச் சொல்லலையே" என்றாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

"அண்ணி நல்லா இருக்காங்களா?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"பொண்ணு?"

"கல்யாணம் பேசியிருக்காங்க."

"நல்லது" என்று சொல்லி இருமத் தொடங்கினார். அந்த இருமல் பிறகு ஓயவே இல்லை. மழைக்காலம் முடியும் முன்பே அவர் கதை முடிந்தது.

அடக்கத்துக்குச் சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. தையல்காரரின் விதவை வந்தாள். எல்லோருக்கும் பின்னால் நின்றவள் மெல்ல நெருங்கி, கல்தச்சரின் மனைவியின் காதருகே குனிந்தாள்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்னு சங்கத்துல போய்ச் சொல்லிடட்டுமா?"

கல்தச்சரின் மனைவி குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேக்க வேண்டியவர் போயிட்டாரு" என்றாள்.

வெட்டியான் மண்வெட்டியை எடுத்தான். இருவரும் தள்ளி நின்று அவனுக்கு வழிவிட்டார்கள்.