நிக்காஹ்வுக்கு நான் போட்ட கெட்டிமேளம்

யுத்தம் முடிந்து நாலைந்து வருடங்கள் இருக்கும். கற்பிட்டியில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். எங்கள் குடும்பம் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்தது. வந்த இடத்தில் நான் பிடித்துக்கொண்ட தொழில் இது. ஸ்டூடியோ முதலாளி உள்ளூர் முஸ்லிம். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரை நானா என்று கூப்பிடுவேன். கமெராவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைவது அவர். கணினிக்கென்று பொருத்திய ஏசியில் உட்கார்ந்து சுகம் காண்பது நான்.

எடிட்டிங் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "அசிங்கத்தையெல்லாம் வெட்டி எறியிறது" என்பேன். பிள்ளைகள் கத்துவது, பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சகன் தட்டு விழுவது, மாமா ஒருவர் கமெராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது, எல்லாம் போய்விடும். சத்தத்தையும் துடைத்துவிட்டுப் பாட்டைப் போட்டால் வீடியோ பளிச்சென்று இருக்கும். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. நானா எனக்குச் சொன்ன ஒரே கட்டளை, முஸ்லிம் கலியாணத்துக்குச் சினிமாப் பாட்டுப் போடக்கூடாது, இஸ்லாமிய கீதம் மட்டும்தான் என்பது. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலை பத்து மணி போல, பள்ளிவாசல்துறை என்ற பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். எட்டு மாதத்துக்கு முந்தி அவளுடைய கலியாண வீடியோவை எடிட் செய்தவன் நான். கையில் அந்த டிவிடி இருந்தது. இன்னொரு பிரதி கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, நிக்காஹ்ல வாப்பா பேசின சத்தம் வேணும். பாட்டில்லாம."

"ஏன் தங்கச்சி, பாட்டுப் பிடிக்கேல்லையோ?"

"வாப்பா மௌத்தாகிட்டாங்க. நாப்பது நாள் முடிஞ்சிட்டு."

இறந்துபோன அவளுடைய தகப்பனை நான் நேரில் கண்டதே இல்லை. ஆனால் அவர் எந்தக் கண்ணை முதலில் துடைப்பார் என்பது வரைக்கும் தெரியும். மூன்று நாள் திரையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த ஆள் என்று நானா சொல்லியிருந்தார்.

அப்போதும் எனக்கு விஷயம் விளங்கவில்லை. "நீங்கள் அங்கதானே இருந்திருப்பியள், கேட்டிருப்பியள்தானே" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நிக்காஹ் பள்ளிவாசல்லதானே அண்ணா நடந்த. நான் வீட்டுல பொம்புளைகளோட இருந்தன். வாப்பா மாப்பிளைட கையப் பிடிச்சு, என்ட பேரச் சொல்லி என்னைக் குடுப்பாங்க. அந்தச் சொல்லுதான் கலியாணம். பொண்ணுக்கு மட்டும் அது கேக்காது. அன்டைக்கு வாப்பா சொல்ல ஏலாம நிறுத்தி நிறுத்திச் சொன்னாங்களாம். டிவிடியில பாத்தா பாட்டுத்தான் பாடுது."

நான் செய்தது என்னவென்று அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கலியாணங்களில் தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுவார்கள். வேறு எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது. தும்மலோ அழுகையோ கேட்டால் அபசகுனம். நிக்காஹ்வும் அப்படி ஒரு நேரம் என்று நானாகவே முடிவெடுத்து, இருந்த கீதங்களிலேயே சத்தமான ஒன்றைத் தேடி அந்த இடத்தில் போட்டிருந்தேன். தகப்பன் தடுமாறிய இடங்களையும் வெட்டி எறிந்திருந்தேன். அந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில்தான் அதையும் செய்தேன்.

"கொஞ்சம் இருங்கோ" என்று சொல்லிவிட்டு ஹார்ட் டிஸ்க்கைத் தேடினேன். இடம் போதாமல் அந்தக் கலியாணத்தின் மூலப் பதிவுகளை நானே அழித்திருந்தேன். கமெரா கார்ட்டில் அதற்குப் பிறகு எத்தனையோ கலியாணங்கள் ஏறி இறங்கிவிட்டன. நானாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"அந்த எடத்துலயாடா பாட்டுப் போட்ட?" என்றார். பிறகு, "ஒனக்குச் சொல்லாதது என்ட பிழை. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே எண்டு இருந்திட்டன்" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூலப் பதிவு இல்லை என்பதை அவளிடம் சொன்னேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அவள் சத்தம் போடவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. "அண்ணா, நீங்க கேட்டிருப்பீங்கதானே. எப்பிடிச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

கேட்டிருந்தேன். எங்கே வெட்டுவது என்று பார்க்க ஹெட்போனைப் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தேன். எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். முதல் தரம் "எனது மகள்" என்றதோடு நின்றுவிட்டார். இரண்டாம் தரம் மாப்பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தார், உதடு மட்டும் அசைந்தது. மூன்றாம் தரம் பதிவுப் புத்தகத்திலுள்ள பெயருக்குப் பதிலாக வேறொரு பெயரைச் சொன்னார். மௌலவி மெல்லத் திருத்திய பிறகுதான் முழுப் பெயரும் வந்தது. அந்த வேறு பெயர் என்னவென்று அவள் கேட்டாள். சொன்னேன்.

அவள் டிவிடியை மேசையில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அந்தப் பேரால வாப்பா மட்டும்தான் என்னைக் கூப்பிடுவாங்க. உம்மாகூடக் கூப்பிட மாட்டாங்க."

பிழை என்று நான் வெட்டிய துண்டு அதுதான். பள்ளிவாசலில் முன் வரிசையில் இருந்தவர்களுக்குக்கூட அது கேட்டிருக்காது. மௌலவியும் மாப்பிள்ளையும் அதை வாய் தவறியது என்று விட்டிருப்பார்கள். தெளிவாகப் பிடித்து வைத்திருந்தது அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கும் நானும்தான்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். முன்பின் தெரியாத என் வாயிலிருந்து, என் வன்னித் தமிழில், அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனாள்.

இன்றும் அந்தத் தகப்பனின் குரல் என் காதில் அப்படியே இருக்கிறது. அதைக் கேட்க வேண்டியவளுக்குக் கொடுக்கத்தான் என்னிடம் வழியில்லை.