நாலரைக் கட்டையில் ஒரு கியர் பாக்ஸ்

திண்டுக்கல் சுற்று வட்டாரத்தில் எந்த வயல் எந்த வயலைவிட நாலு விரற்கடை தாழ்வு என்று கேட்டால், சர்வேயர் ஸ்தனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், இலையில் ரசம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பார்ப்பார். “மண்டபத்துத் தரை கிழக்க சரிவு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

இப்பேர்ப்பட்டவரிடம் ஒரு கார் இருந்தது. வெள்ளை நிறம், சின்ன உருவம், செய்த கம்பெனியே மறந்துபோன மாடல். மெக்கானிக் கை பட்டால் வண்டி கெட்டுவிடும் என்பது அவருடைய விசுவாசப் பிரமாணத்தில் அவராகவே சேர்த்துக்கொண்ட கடைசி வரி. ஆகவே வருடந்தோறும் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், கியர் ஆயிலை அவரே சோதிப்பார்.

சோதனை எளிது. இந்த வண்டியில் கியர் ஆயில் பார்க்க அளவுக் கம்பியெல்லாம் கிடையாது. கியர் பாக்ஸின் வலது விலாவில் ஒரு போல்ட் உண்டு. அதைக் கழற்றினால், உள்ளே எண்ணெய் துளையின் விளிம்புவரை நின்று மெல்லக் கசிய வேண்டும். கசிந்தால் நிறைவு. கசியாவிட்டால் கசியும்வரை ஊற்ற வேண்டும்.

ஆனால் அடியில் புக இடம் வேண்டுமே. அதற்காக வீட்டு வாசலில், சாக்கடைக்கு மேல் போட்ட சிமெண்டுச் சரிவில் இடப்பக்கச் சக்கரங்களை ஏற்றி, வலப்பக்கச் சக்கரங்களை ரோட்டிலேயே விட்டு, ஒருக்களித்துப் படுத்த எருமை மாதிரி வண்டியை நிறுத்துவார். இடப்பக்கமாக நுழைந்து, கையை நீட்டிப் போல்ட்டைக் கழற்றுவார். எண்ணெய் குடுகுடுவென்று ஓடி வரும்.

“ஏ புஷ்பம், வந்து பாரு! ஒரு சொட்டு கொறையல!”

வண்டியோடு சேர்த்து வாங்கிய ஒரு லிட்டர் கியர் ஆயில் டின், மூடி திறக்கப்படாமல், முன் அறை அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. வரும் விருந்தாளிகளுக்கு மாதாவைக் காட்டுவாரோ மாட்டாரோ, டின்னைக் காட்டுவார். வாசலில் அவ்வப்போது தென்படும் கரிய எண்ணெய்ப் பொட்டுகளுக்குப் பக்கத்து வீட்டுக் கருப்பணனின் ஸ்கூட்டர்தான் பொறுப்பு என்றும் அறிவித்திருந்தார். கருப்பணன் அன்றிலிருந்து இவரோடு பேசுவதில்லை.

சிக்கல் புஷ்பமேரியின் காதில் தொடங்கியது. அந்த அம்மாள் பங்குக் கோயில் பாடகர் குழுவின் தலைவி. ஆர்மோனியத்தில் யார் விரல் எங்கே பிசகினாலும் திரும்பிப் பார்க்காமலே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

“என்னங்க, மூணாவது கியர் போட்டா வண்டி நொய்ங்குனு நாலரைக் கட்டையில பாடுதுங்க.”

“எனக்குக் கேக்கலையே.”

ஸ்தனிஸ்லாஸுக்குக் கேட்காத சத்தம் உலகத்தில் இல்லாத சத்தம். ஆகவே மனைவியை அக்கறையோடு காது டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டரும் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சேதி பாடகர் குழுவுக்கு எட்டியது. அடுத்த ஒத்திகையில், முன்வரிசையில் பாடும் ஜெஸ்ஸி குனிந்து, மிகுந்த பரிவோடு கேட்டாள்: “ஆன்ட்டி, சுருதி கேக்குதா? இன்னும் சத்தமா வைக்கவா?”

அன்றைக்கே புஷ்பமேரி, பழைய வண்டி வாங்கி விற்கும் பேகம்பூர் ஆசாத்துக்குப் போன் போட்டார். “திங்கக்கெழம காலைல வந்து வண்டியப் பாருங்க தம்பி.”

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சிறுமலையில் இருக்கும் புஷ்பமேரியின் தங்கை ஐரின் வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நான விருந்து. பஸ்ஸை நம்ப முடியாது. காரில்தான் போக வேண்டும். ஊர் எல்லை தாண்டியதும் புஷ்பமேரி ஜன்னல் பக்கம் திரும்பி, வண்டியின் சத்தத்தோடு சேர்ந்து அதே சுருதியில் “ம்ம்ம்” என்று முனக ஆரம்பித்தார். அடிவாரம் வந்ததும் ஸ்தனிஸ்லாஸ் பொறுக்கமாட்டாமல் வண்டியை ஓரங்கட்டினார்.

“இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம். ஒங்கண்ணு முன்னாடியே போல்ட்டக் கழத்துறேன். எண்ணெய் ஒழுகலேன்னா நாளைக்கு நானே சாவிய ஆசாத் கையில குடுத்துர்றேன். ஒழுகுச்சுன்னா நீ ஆயுசுக்கும் இந்த நொய்ங்கப் பத்திப் பேசக் கூடாது.”

“சரிங்க” என்றார் புஷ்பமேரி. அத்தனை சீக்கிரம் அவர் சரி சொன்னதே ஸ்தனிஸ்லாஸை உஷார்படுத்தியிருக்க வேண்டும்.

அவர் நிறுத்திய இடம் கல் நட்டுப் பிளாட் போட்ட ஒரு திடல். ஓய்வு பெற்றபின், கருவி வைத்து அதற்கு மட்டம் பார்த்துக் கொடுத்தவர் அவரேதான். “கோலிகுண்ட வச்சா வச்ச எடத்துலயே நிக்கும்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த திடல். செத்த நேரம் வண்டியை ஆறவிட்டு, சாக்கை விரித்து, வயிற்றை உள்ளிழுத்து அடியில் ஊர்ந்தார். போல்ட்டைக் கழற்றினார்.

ஒன்றும் வரவில்லை.

சுண்டு விரலை விட்டுத் துழாவினார். முதல் கணுவரை காற்று. இரண்டாம் கணுவரையும் காற்றுதான்.

“வந்துச்சாங்க?”

“இரு, வரும். கெட்டி எண்ணெய்ல?”

“வாசல்ல தொறந்ததும் ஓடியாருமே!”

“இங்க தரை மட்டமில்ல, புஷ்பம்.”

மேலேயிருந்து குரல் வந்தது. “நீங்கதான மட்டம் பாத்தீங்க? கோலிகுண்டு உருண்டுருச்சாக்கும்?”

இந்தத் தரை மட்டம் என்றால் மட்டமில்லாத தரை எது? மல்லாந்து படுத்தபடி, ஆயுளில் முதன்முறையாக ஸ்தனிஸ்லாஸ் தன் வீட்டு வாசலை மனதுக்குள் அளந்தார். அங்கே வண்டி வலப்பக்கம் சாய்ந்து நின்றது. துளையும் வலப்பக்கம். உள்ளே மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயும் அந்தப் பக்கம் ஒதுங்கி வந்து, வருடந்தோறும் அவருக்கு “நிறைவு” என்று பொய்ச்சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. ஸ்கூட்டரோடு கருப்பணனின் முகம் ஒரு கணம் வந்து போனது.

“அந்த டின்ன எடு” என்றார்.

விருந்துக்கு வருகிறவர்களுக்குக் காட்டவென்று அவரே கொண்டுவந்திருந்த டின்தான். பானெட்டைத் திறந்து, டிக்கியில் கிடந்த, ரப்பர் குழாய் மாட்டிய புனலைப் புஷ்பமேரி மேலே பிடித்துக்கொண்டார். குழாயின் மறுமுனையை ஸ்தனிஸ்லாஸ் கீழே துளைக்குள் செருகினார்.

“ஊத்தவா?”

“லேசா.”

கந்தக வாடையோடு எண்ணெய் கருப்பட்டிப் பாகு போல இறங்கியது.

“கால்வாசி போச்சுங்க. போதுமா?”

போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் தப்பும். வண்டி கொண்டை ஊசி வளைவில் உயிரை விடும். ஊற்று என்றால் வண்டி பிழைக்கும்.

“ஊத்து.”

“பாதி போச்சு. ஒரு சொட்டு கொறையலன்னீங்களே?”

“மலைப்பக்கம் வந்தா வண்டி கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்.”

“மனுசரும் அப்படித்தான். ஊத்தவா, நிறுத்தவா?”

“ஊத்துங்கிறேன்ல!”

டின்னின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தபோது, துளையின் ஓரத்திலிருந்து ஒரு கோடு கசிந்து அவர் கன்னத்தில் விழுந்தது. போல்ட்டை முடுக்கினார். வெளியே வந்தவரின் முகத்தைப் புஷ்பமேரி முந்தானையால் துடைத்துவிட்டார். ஸ்தனிஸ்லாஸுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மலைப்பாதை தொடங்குமுன் மூன்றாவது கியர் விழுந்தது. நொய்ங் இல்லை. இத்தனை வருடம் அது இருந்தது என்பது அவருக்கு இப்போதுதான் கேட்டது. தொண்டையைச் செருமினார்.

“காது இப்ப எப்பிடி இருக்கு? சொட்டு மருந்து வேலை செய்யுதோ?”

புஷ்பமேரி மெதுவாகத் திரும்பினார். “போல்ட்டக் கழத்துனப்ப எண்ணெய் ஒழுகல. காலைல ஆசாத் தம்பி வாரப்ப சாவிய நீங்களே குடுங்க.”

முதல் வளைவு போனது. இரண்டாவதும் போனது.

“வேற வழியே இல்லையா புஷ்பம்?”

“இருக்கு. சாயங்காலம் ஒத்திகைக்கு வாங்க. கொறை எதுல இருந்துச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சொன்னா ஆசாத்துக்குப் போன் போட்டு வரவேணாம்னு சொல்றேன்.”

மாலையில் கோயில் பாடகர் குழுவின் முன் ஸ்தனிஸ்லாஸ் எழுந்து நின்றார். சட்டையில் கந்தக வாடை இன்னும் போகவில்லை. புஷ்பமேரி ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து, நாலரைக் கட்டையில் விரலை வைத்து அழுத்தி, துருத்தியை ஆட்டினார்.

நொய்ங்.

“அன்பான பாடகர் குழுவினரே! எங்கள் தெருவின் இயற்கையான சரிவு காரணமாக…”

நொய்ங்.

“துளையைத் தப்பான பக்கத்தில் வைத்த கம்பெனிக்காரனின்…”

நொய்ங். ஜெஸ்ஸி பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். முன்னால் இருந்தவர்களின் தோள்கள் குலுங்கின.

“சொட்டு மருந்தும் ஓரளவுக்கு…”

நொய்ங்ங்ங். துருத்தி இன்னும் வேகமாக ஆடியது.

ஸ்தனிஸ்லாஸ் பீடத்தைப் பார்த்தார். அங்கிருந்து உதவி வரும் அறிகுறி இல்லை. ஜன்னல் வழியே, வேப்ப மரத்தடியில் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தார்.

“வண்டில எண்ணெய் இல்ல” என்றார், தரையைப் பார்த்து. “நான்தான் சரியாப் பாக்கல. அவ காதுல ஒண்ணுமில்ல.”

புஷ்பமேரி கட்டையிலிருந்து விரலை எடுத்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்து, எல்லோரும் கேட்கும்படியாகவே பேசினார்.

“ஆசாத் தம்பி, நாளைக்கு வரவேணாம்ப்பா. வண்டி விக்கல… இல்ல, வெலையெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல. எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்க ஆரம்பிச்சிருச்சு, அதான்.”