தேசிக்காய் நசிந்த பிறகு

எனக்கு அப்போது ஒன்பது வயது. பொய் சொல்லத் தெரியும். முகம் மாறாமல் சொல்லத்தான் தெரியாது.

அந்தக் கோடையில் சித்தப்பா ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வாங்கினார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள பெரிய வண்டி. அதன் கழுத்து பிக்கப் டிரக்கின் பின்பக்கத்துக்கு மேலாக வந்து, அங்கே பொருத்தியிருக்கும் இரும்புப் பூட்டில் உட்காரும். பூட்டின் கைப்பிடியை மூடி, அது திரும்பத் திறக்காதபடி குறுக்கே விரல் நீள இரும்புப் பின் ஒன்றைச் செருக வேண்டும். அது இல்லாவிட்டால் குலுக்கத்தில் பூட்டுத் திறந்து டிரெய்லர் பின்னால் வருகிறவர் தலையில்தான் இறங்கும் என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சித்தப்பா விளக்கிக்கொண்டிருந்தார்.

முதல் பயணம் ஒரு வெள்ளிக்கிழமை, லோரன்சியன் மலைப்பக்கம். பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலிலேயே வண்டிக்குப் பூசை. சித்தப்பா கைப்பிடியை மூடிவிட்டுப் பின்னைக் கையில் எடுத்த நேரம் பார்த்து அம்மா கற்பூரத் தட்டை நீட்டினார். இரும்பைப் பிடித்த கையால் எப்படிக் கும்பிடுவது? "இதைப் பிடி, பிள்ளை" என்று என்னிடம் தந்தார். நான் அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திருநீறு பூச ஓடினேன்.

டிரெய்லரை டிரக்கில் கொளுவியதும் வண்டியை ஓரடி இழுத்து நிறுத்தி, இறங்கி ஒரு சுற்றுப் பார்ப்பது முறை. ஆனால் அன்று டிரக் சக்கரங்களுக்கு அடியில் பூசைக்கு வைத்த எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், இருந்தது. தேசிக்காய் நசிந்த வண்டி நிற்கவும் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

"தம்பி, பத்தரைக்கு ராகுகாலம் துவங்குது. கெதியா வெளிக்கிடுங்கோ!" என்று அம்மா சித்தப்பாவை அவசரப்படுத்தினார்.

தேசிக்காய் நசிந்தது. நின்று பார்க்காமல் புறப்பட்டோம். நான் சித்தப்பாவுக்குப் பக்கத்தில். அம்மா கைக்குழந்தையான தங்கச்சியுடன், வேறு வண்டி இடையில் புகாதபடி டிரெய்லரை ஒட்டியே தன் காரில் வந்தார். அப்பா வேலை முடித்து மாலையில் வருவதாக ஏற்பாடு.

பதினைந்தாம் நெடுஞ்சாலை மலையில் ஏறத் தொடங்கியபோது டொஃபி எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். விரலில் இரும்பு பட்டது.

அந்தப் பின். சொன்னால் ஏச்சு விழும். சொல்லாவிட்டால்? பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். டிரெய்லரின் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. அம்மாவின் கார் தெரியவே இல்லை. ஏற்றத்தில் எஞ்சின் உறும, முதுகுப்புறம் டக் என்று ஒரு சத்தம். கொஞ்சத்தில் மறுபடி டக். சித்தப்பா பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வெளிவழி ஒன்று கடந்தது, இன்னொன்றும் கடந்தது. அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்ததற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

"சித்தப்பா, பின் என்னட்டை இருக்கு."

"எந்தப் பின்?"

கையை விரித்துக் காட்டினேன். தாளம் நின்றது. அவர் என்னை ஏசவில்லை. முட்டை மேலிருந்து எடுப்பதுபோல ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். நான்கு விளக்கும் மினுங்க, சாலையோரத்துக்கு ஊர்ந்து வந்து நின்றோம். இறங்கிப் பார்த்தார். மூடிய கைப்பிடி பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. அதை உள்ளே தள்ளினார். பின்னைச் செருக மூன்று முறை முயன்றார்.

அம்மா பின்னாலிருந்து ஓடிவந்தார். "என்ன தம்பி, ஏன் நிண்டனீங்கள்?"

"பிள்ளைக்கு ஒண்டுக்கு வந்திட்டுது, அண்ணி."

"வெளிக்கிடேக்கை போகச் சொன்னனான் எல்லோ! ராகுகாலத்திலை நடுறோட்டிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறாய்!"

அம்மாவின் காவலில், வராத ஒன்றுக்காகப் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் மனம் நிறைந்திருந்தது. என் குற்றத்தை மறைக்க இவ்வளவு பெரிய பொய் சொன்னாரே என்று அன்றிலிருந்து சித்தப்பாதான் எனக்குத் தெய்வம்.

சென்ற கோடையில் நானே முதன்முறையாக ஒரு டிரெய்லரைக் கொளுவினேன். பின்னைச் செருகி, ஓரடி இழுத்து, இறங்கிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: இதெல்லாம் ஓட்டுகிறவரின் வேலை. அன்று புதருக்குப் பின்னால் நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது என் மானத்தை அல்ல.

வீட்டில் நாலு பேர் கூடினால் அம்மா இன்னமும் அந்த ஒண்டுக்குக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். கதை தொடங்கியதும் சித்தப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். நானும் வாயைத் திறப்பதில்லை.