பெர்கமோட் தடவிக்கொண்ட நாள்

நாடு சுதந்திரம் அடைந்த வருடம், மலாக்காவின் காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. பிறந்த மூன்றாம் நாளே குழந்தையைப் பறிகொடுத்த சின்னம்மா எங்களிடம் வந்து தங்கியிருந்தாள். எந்நேரமும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அழமாட்டாள், பேசமாட்டாள். அம்மா ஊட்டினால் இரண்டு வாய் கஞ்சி இறங்கும், அவ்வளவுதான்.

மாமாவுக்குச் சரக்குப் படகில் வேலை. மலாக்காக் கடலில் தள்ளி நிற்கும் கப்பல்களுக்கும் கரைக்கும் போய்வருவார். ஒரு சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து விரல் நீளச் சீசா ஒன்றை எடுத்தார். உள்ளே இளம்பச்சையாய் எண்ணெய். இத்தாலிக்காரச் சமையல்காரன் ஒருவன் கொடுத்ததாம். பெயர் பெர்கமோட். அவன் நாட்டின் தென்கோடியில், கடலோரத் தோப்புகளில் காய்க்கும் பழத்தின் தோலைப் பிழிந்து எடுப்பதாம்.

"நம்ம லீமாவ் பூருட் மாதிரிதானே?" என்றாள் அம்மா. தோல் சுருங்கிய அந்த எலுமிச்சை எங்கள் கொல்லையிலேயே காய்த்தது.

"இல்லக்கா, அந்தப் பழத்த யாரும் சும்மா தின்ன மாட்டாங்களாம். வாசத்துக்குன்னே மரம் வளக்குறாங்க."

தின்ன முடியாத பழத்துக்கு இத்தனை மரியாதையா என்று அப்பா முனகினார். நானோ சீசாவை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வெறும் வாசனைக்காக ஒரு தோப்பா!

மாமா ஒரு கிண்ணம் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு, சின்னம்மாவின் தலைமாட்டில் வைத்தார். மனசு கனத்துப்போனவர்களுக்கு அந்த ஊர்ப் பெண்கள் அப்படித்தான் செய்வார்களாம். ஆரஞ்சுத் தோலை உரிக்கும்போது கண்ணில் தெறிக்குமே, அந்த வாசம் முதலில் வந்தது. பின்னாலேயே ஏதோ ஒரு பூ, கடைசியில் மெல்லிய கசப்பு. சின்னம்மா நீளமாக மூச்சிழுத்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். அன்றைக்கு அவள் தூங்கினாள். சீசாவுக்குள் ஏதோ சாமி இருக்கிறது என்று முடிவு செய்தேன்.

சாமியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பள்ளித் திடலில் சுதந்திர விழா அணிவகுப்புக்கு ஒத்திகை வந்தது. காலையில் யாரும் பார்க்காதபோது எண்ணெயைக் கைகளிலும் கழுத்திலும் தாராளமாகத் தடவிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றோம். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் என்னை முகர்ந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை, எண்ணெய் வழிந்த தடமெல்லாம் சிவந்து கொப்புளித்திருந்தது. தீயால் கோடு இழுத்தாற்போல் எரிந்தது. அந்த எண்ணெய் பட்ட தோலை வெயில் சுட்டுவிடும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்தாள், அப்பா வேலைக்கு. குசினியில் அடுப்போரம் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

யாரோ நடந்துவரும் சத்தம். நிமிர்ந்தால் சின்னம்மா.

"பிள்ளைக்கு யாரு இப்படிப் பண்ணுனா?" இத்தனை நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. குரல் கரகரத்தது.

நானேதான் என்றேன், அந்த எண்ணெயைத் தடவி வெயிலில் நின்றேன் என்றேன். அவள் திட்டவில்லை. குழாயடியில் என் கைகளை வெகுநேரம் பிடித்திருந்தாள். துணியை நனைத்து நனைத்துப் போட்டாள். கஞ்சி காய்ச்சினாள். எனக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தானும் குடித்தாள்.

சின்னம்மாவை எழுப்பியது அந்த எண்ணெய்தான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். கையில் விழுந்த பழுப்புக் கோடுகளைச் சாட்சியாகக் காட்டினேன். அவை மறையப் பல மாதம் ஆயிற்று.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மதியம் சின்னம்மா என்னை மடியில் கிடத்தி, தொடையை ஆட்டி, மெல்லத் தாலாட்டுப் பாடினாள். பாடப் பாட அவள் கண்ணீர் என் காதுக்குள் விழுந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. இத்தனை பெரிய பெண்ணுக்கு எதற்குத் தாலாட்டு என்று வெட்கமாக இருந்தது. சீக்கிரம் முடிக்கட்டும் என்று தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் நிறுத்தவே இல்லை.